ஹைபிரிட் காரின் பெற்றரி: இலட்சங்களைக் கொடுக்கும் முன் அளந்து பாருங்கள்

கண்டிக்குப் போகும் வழியில், கடுகண்ணாவ ஏற்றத்தில் கார் இழுவை குறைகிறது. மீட்டரில் சிவப்பு முக்கோணம் எரிகிறது. கராஜுக்குக் கொண்டு போனால் ஸ்கேனரைச் செருகி ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "பெற்றரி முடிஞ்சி, முழுசா மாத்தணும்" என்கிறார்கள். சொல்லப்படும் தொகை இலட்சக் கணக்கில். பழைய ஹைபிரிட் கார் வைத்திருக்கும் பலருக்கும் இந்த அனுபவம் புதிதல்ல.

2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அதன் பிறகும் வரிச்சுமை காரணமாகப் புதிய கார் பலருக்கு எட்டாத தூரத்திலேயே இருக்கிறது. ஆகவே பத்து, பதினைந்து வருடங்கள் ஓடிய பிரியஸ், அக்குவா போன்ற கார்களையே தொடர்ந்து ஓட்ட வேண்டிய நிலை. பிள்ளைகளின் பாடசாலைப் பயணமும், சிலருக்கு ஹயர் ஓடிச் சம்பாதிக்கும் அன்றாட வருமானமும் அந்தக் காரில்தான் தங்கியிருக்கின்றன. இந்த நிலையில் அளந்து பார்க்காமல் பணத்தைக் கொடுப்பது பெரும் நட்டம்.

முதலில் பெற்றரி எப்படி அமைந்துள்ளது என்பதைத் தெரிந்துகொள்வோம். இரண்டாம், மூன்றாம் தலைமுறை பிரியஸில் 28 துண்டுகள் (மொடியூல்கள்) ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் 7.2 வோல்ட், மொத்தம் 201.6 வோல்ட். அக்குவாவில் 20 துண்டுகள், 144 வோல்ட். இவை நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் வகை. ஒவ்வொரு துண்டுக்குள்ளும் 1.2 வோல்ட் கொண்ட ஆறு சிறிய செல்கள் உள்ளன. சங்கிலியில் ஒரு வளையம் பலவீனமானால் சங்கிலி முழுதும் பலவீனமாவது போல, ஒரு துண்டு கெட்டாலே கார் முழு பெற்றரியையும் பழுது என்று அறிவிக்கும். ஸ்கேனரில் வரும் 'பி0ஏ80' என்ற குறியீடு பெற்றரி பலவீனமடைந்து விட்டதைச் சொல்கிறது. எத்தனை துண்டுகள் கெட்டன, ஏன் கெட்டன என்பதை அது சொல்லாது.

எனவே பரிசோதனையை ஒழுங்குமுறையாகச் செய்யச் சொல்லுங்கள்.

முதலாவது, 12 வோல்ட் சிறிய பெற்றரி. பிரியஸில் இது டிக்கியில் இருக்கிறது. இது பலவீனமானால் சம்பந்தமில்லாத பல விளக்குகள் ஒன்றாக எரியும். கார் 'ரெடி' நிலைக்கு வராமலும் போகலாம். நிறுத்தி வைத்த காரில் சுமார் 12.6 வோல்ட் இருந்தால் நல்லது. 12க்குக் கீழே இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள். பெரிய பெற்றரியைவிட இதன் விலை மிகக் குறைவு.

இரண்டாவது, குளிரூட்டும் விசிறி. பெரிய பெற்றரி காருக்குள் இருக்கும் காற்றாலேயே குளிர்கிறது. அந்தக் காற்று பின் ஆசனத்தருகே உள்ள துவாரத்தால் உள்ளே போகிறது. அதன் மேல் பையோ துணியோ கிடந்தாலும், விசிறியில் தூசியும் முடியும் அடைத்தாலும் பெற்றரி சூடாகி ஆயுள் குறையும். நம் நாட்டு வெப்பத்தில் இது சாதாரண விடயமல்ல. துவாரத்தைத் திறந்து வையுங்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது விசிறியைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

மூன்றாவது, துண்டுகளை இணைக்கும் செப்புத் தகடுகள். ஈரப்பதனால் இவற்றில் பச்சை நிறத்தில் களிம்பு பிடிக்கும். அப்போது நல்ல துண்டும் கெட்டது போல அளவு காட்டும். சுத்தம் செய்து சரியான இறுக்கத்தில் பூட்டினாலே சில கார்களில் பிரச்சினை தீர்ந்துவிடும்.

நான்காவதுதான் முக்கியமானது. ஸ்கேனரைச் செருகியபடியே காரை ஓட்டிப் பார்க்க வேண்டும். பிரியஸில் இரண்டு துண்டுகள் சேர்ந்த 14 தொகுதிகளின் வோல்ட் அளவும் தனித்தனியாகத் தெரியும். நிறுத்தி வைத்திருக்கும்போது எல்லாம் ஒரே அளவாகத் தோன்றலாம். ஏற்றத்தில் அழுத்தி ஓட்டும்போது ஒரு தொகுதி மட்டும் மற்றவற்றைவிட ஒரு வோல்ட் அளவுக்குக் கீழே விழுந்தால் கெட்ட துண்டு அங்கேதான். இந்த எண்களைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

பழுது உறுதியானால் வழிகள் மூன்று. கெட்ட துண்டை மட்டும் மாற்றுவது மலிவானது. ஆனால் மற்றத் துண்டுகளும் அதே வயதுடையவை. சில மாதங்களில் அடுத்தது கெடலாம். மாற்றும் துண்டு மற்றவற்றின் கொள்ளளவுக்கு ஒத்ததா என அளந்து, எல்லாவற்றையும் சமமாகச் சார்ஜ் செய்து பொருத்தினால்தான் ஓரளவு நிலைக்கும். இரண்டாவது, திருத்தியமைக்கப்பட்ட முழு பெற்றரி. இதில் எழுத்து மூலமான உத்தரவாதம் அவசியம். மூன்றாவது, புதிய பெற்றரி. நான்கைந்து தொகுதிகள் தளர்ந்திருந்தால், ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருப்பதைவிடப் புதியதே இறுதியில் இலாபம்.

ஹொண்டா வெசல், ஃபிட் ஜிபி5 ஆகியவற்றின் ஹைபிரிட் பெற்றரி லித்தியம் அயன் வகை. மேலே சொன்ன துண்டு மாற்றும் முறையையும் சார்ஜ் முறையையும் அதில் பரீட்சித்துப் பார்ப்பது தீ விபத்தில் முடியலாம்.

யூடியூப் பார்த்து வீட்டிலேயே பெற்றரியைக் கழற்ற நினைக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. செம்மஞ்சள் நிற வயர்களில் ஓடுவது உயிரைப் பறிக்கும் மின்சாரம். பாதுகாப்புச் செருகியைக் கழற்றி, குறைந்தது பத்து நிமிடம் காத்திருந்து, 1000 வோல்ட் தாங்கும் கையுறையுடன்தான் பயிற்சி பெற்றவரே தொட வேண்டும். செருகியைக் கழற்றிய பின்னும் துண்டுகளுக்குள் மின்சாரம் இருக்கும்.

நீண்ட காலம் ஓடாமல் கிடந்தாலும் பெற்றரி கெடும். 2022 எரிபொருள் நெருக்கடியில் பல கார்கள் வாரக் கணக்கில் வீட்டு வாசலில் கிடந்தன. ஓட்டாத நாட்களிலும் வாரம் ஒரு முறை அரை மணித்தியாலம் காரை 'ரெடி' நிலையில் திறந்த வெளியில் வைத்திருங்கள்.

கடைசியாக, வாங்குவோரும் விற்போரும் கவனிக்க வேண்டியது. குறியீட்டை அழித்தால் விளக்கு அணையும். சில நாள் ஓட்டத்தில் மீண்டும் எரியும். அந்த இடைவெளியில் காரை விற்றுவிடுவோர் இருக்கிறார்கள். வாங்குபவர் ஸ்கேனரோடு ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்த பின்பே முற்பணம் கொடுக்க வேண்டும். விற்பவர் குறையைச் சொல்லி, அதற்கேற்ப விலையைக் குறைத்து விற்கட்டும். மறைத்து விற்கும் அந்த இலட்சம் இன்னொரு குடும்பத்தின் பல வருடச் சேமிப்பு.