ஒரே நிறுவனத்தின் இயந்திரங்கள் ஏன் பேசிக்கொள்ளவில்லை?

பற்றவைக்கும் ரோபோ ஒரு கம்பெனி தயாரிப்பு. பக்கத்திலுள்ள கன்ட்ரோலர் வேறொரு கம்பெனி தயாரிப்பு. ஒன்று அனுப்பும் தகவல் மற்றதற்குப் புரியாது. 1980-களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளின் நிலை இதுதான். ஒவ்வொரு பிரிவும் தன் விருப்பப்படி வாங்கியது. புதுக் கருவி வந்தால் அதற்கென்று தனிக் கேபிள், தனி மென்பொருள். செலவில் கணிசமான பங்கை இந்த இணைப்பு வேலையே விழுங்கியது.

எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவாக ‘மேப்’ என்ற தகவல் தொடர்பு விதிமுறையை நிறுவனம் வகுத்தது. அதில் ‘டோக்கன்’ என்ற சிறு செய்தி கருவிக்குக் கருவி வரிசையாகக் கைமாறும். அதை வைத்திருக்கும் கருவி மட்டுமே பேசலாம். அன்றைய ஈதர்நெட்டில் இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் பேசினால் செய்திகள் மோதும். மறுபடி எப்போது போய்ச் சேரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் அசெம்பிளி லைனுக்கு அந்த நிச்சயமின்மை ஆகாது. டோக்கன் முறையிலோ, தன் முறை வர அதிகபட்சம் எவ்வளவு நேரமாகும் என்று முன்கூட்டியே கணக்கிடலாம். அருமையான யோசனை!

ஆனாலும் மேப் நிலைக்கவில்லை. கருவிகளின் விலை அதிகம், புதிய 3.0 பதிப்பு பழைய 2.1 பதிப்போடு ஒத்துப்போகவில்லை. மலிவான ஈதர்நெட் முந்திக்கொண்டது. இருந்தும் அதைத் தோல்வி என்று ஒதுக்கிவிட முடியாது. மேப்பிலிருந்து பிறந்த எம்.எம்.எஸ். செய்தி முறை, துணைமின் நிலையங்களுக்கான ஐ.இ.சி. 61850 தரத்தில் இன்றும் பயன்படுகிறது.