பெரட்டும் பேரும்

விடிவதற்கு முன்னே தப்புப் பறை அடிக்கும். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் முந்தைய தலைமுறைகளுக்கு அதுதான் கடிகாரம். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு லயத்திலிருந்து இறங்கி, அரை வெளிச்சத்தில், ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில் நிரையாக நிற்க வேண்டும். துரை வருவார். கணக்கப்பிள்ளை செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டோடு நிற்பார். கங்காணி தன் ஆட்களை எண்ணிக் காட்டுவார். இவருக்குக் கொழுந்து மலை, அவருக்குக் கவ்வாத்து, இன்னொருவருக்குப் புல்வெட்டு என்று பிரித்து அனுப்புவார்கள். பிரித்து முடிந்த பிறகு மூச்சிரைக்க ஓடி வந்தவருக்கு வேலை கிடையாது, வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அன்றைய பேர் போயிற்று. ஒரு பேர் என்றால் ஒரு நாள் சம்பளம், பாதி நாளுக்கு அரைப்பேர்.

அத்தனை பேரும் நேரத்துக்கு வந்து நிற்க வேண்டும் என்பதில் கங்காணிக்குச் சொந்த அக்கறையும் இருந்தது. வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு ஆளுக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. ஆள் குறைந்தால் அவர் வருமானம் குறையும். அதனால்தான் காய்ச்சலில் படுத்திருந்தவனைக்கூட லயத்து வாசலில் நின்று கத்தி எழுப்பினார்கள். சட்டமும் அவர்கள் பக்கமே நின்றது. 1865ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தின்படி, தகுந்த காரணமில்லாமல் வேலைக்கு வராததே குற்றம், அதற்குச் சிறைக்கும் அனுப்பலாம். 1920களின் தொடக்கத்தில்தான் அந்தத் தண்டனைப் பிரிவுகள் நீங்கின, கடனைச் சீட்டில் எழுதி ஆளைக் கட்டிவைத்த துண்டு முறையும் ஒழிந்தது. 1927இல் வந்த குறைந்தபட்சச் சம்பளச் சட்டம், சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து ஒரு நாள் வேலை ஒன்பது மணி நேரம் என்று வரையறுத்தது. ஆள் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பது மட்டும் எழுதியிருந்த கணக்கில், எத்தனை மணிக்கு விட வேண்டும் என்பதும் அப்போதுதான் ஏறியது.

அந்தக் காலத்தை நல்ல காலம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் பெரட்டில் எண்ணியவர் ஒரு மனிதர். யார் வீட்டில் பிள்ளைக்குச் சுகமில்லை, யார் வீட்டில் சாவு என்று அவருக்குத் தெரியும். மனம் வைத்தால் "போ, போய் நிரையைப் பிடி" என்று விட்டுவிடுவார். அந்த மனம் யாருக்கு வாய்த்தது, அதற்குப் பெண்கள் என்னென்ன பொறுத்துக்கொண்டார்கள் என்பது எந்தச் செக்ரோலிலும் இல்லை.

இன்னொன்றும் அதில் இல்லை: ஏன் பிந்தியது என்ற காரணம். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பீலியில் தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, பெரிய பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு ஆயத்தப்படுத்தி, சின்னதைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, அதன் பிறகு மலை ஏற வேண்டும். பிள்ளைக் காம்பரா ஆயா வரக் கொஞ்சம் சுணங்கினால் தாயும் சுணங்குவாள். பிந்தியது தாய் என்றுதான் கணக்கு.

வருகையைப் பணத்தால் இழுக்கும் வழி பின்னாளில் வந்தது. 2013இன் கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு நாள் சம்பளம் 620 ரூபா. அதில் அடிப்படை 450, தேயிலை விலைக்கான கொடுப்பனவு 30, மீதி 140 வருகைக்கான ஊக்கத்தொகை. தோட்டம் வேலை கொடுத்த நாட்களில் 75 சதவீதம் வந்தவருக்குத்தான் அந்த 140. கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாதத்தில் 25 நாள் வேலை கொடுத்தால் 19 நாள் வர வேண்டும். ஒரு வாரம் காய்ச்சலில் விழுந்து 18 நாளோடு நின்றவர், வராத நாட்களின் சம்பளத்தோடு, வந்த 18 நாட்களுக்கான 2,520 ரூபாவையும் இழந்தார். வராத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பது நியாயம். வந்த நாட்களின் சம்பளத்திலும் கைவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2016இல் அந்த 140 ரூபா ஊக்கத்தொகை 60 ஆகச் சுருங்கியது, 2019இல் அடியோடு எடுக்கப்பட்டது.

இன்று தப்பு இல்லை. துரையின் குதிரையும் இல்லை. பிந்தி வந்தவரைத் திருப்பி அனுப்பும் துணிவும் தோட்டத்துக்கு இல்லை, ஏனென்றால் ஆள் இல்லை. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனபோது பதிவிலிருந்த தொழிலாளர்களில் பாதிப்பேர்கூட இப்போது இல்லை. பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போய்விட்டார்கள்.

ஆனால் பேர் விழுவது எளிதாகவில்லை. அன்று நேரம் பார்த்துப் பேர் கொடுத்தார்கள், இன்று நிறை பார்த்துக் கொடுக்கிறார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், 18 கிலோ, 20 கிலோ என்று ஒரு நோம்ஸ், அதாவது ஒரு பேருக்குப் பறிக்க வேண்டிய அளவு. காலையில் நேரத்துக்கு வந்து, மழையில் நனைந்து, மாலைவரை நிரையை விட்டு நகராமல் பறித்தவர் நிறுவைக்கு வருகிறார். தராசு 17 காட்டுகிறது. ஈரத்துக்கு ஒரு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ கழிகிறது. 15 என்று பதிகிறார்கள். அரைப்பேர். எட்டு மணி நேரம் மலையில் நின்றவர் அரை நாள்தான் வந்ததாகக் கணக்கு. சில தோட்டங்களில் மின்னணுத் தராசு வந்து, ஆளின் அட்டையை ஸ்கேன் செய்து பதிகிறார்கள். எழுத்தில் ஏமாற்றுவது அதனால் குறையும், அது நல்லதுதான். கொழுந்து இல்லாத மலையில் 20 கிலோ எங்கிருந்து வரும் என்று அந்தத் தராசிடம் கேட்க முடியாது. வரட்சி மாதங்களில் நல்ல கைகாரிக்கும் நோம்ஸ் எட்டாது. காடாகிப்போன மலையில் யாருக்கும் எட்டாது. புல்லை வெட்டாமல் விட்டது நிர்வாகம், பேரை இழப்பது தொழிலாளி.

2026 வரவுசெலவுத் திட்டத்தில் வருகைக்கான தொகை மறுபடியும் வந்திருக்கிறது. நாட்சம்பளம் 1,350இலிருந்து 1,550 ரூபாவாக உயர்வதோடு, வருகைக்கென்று நாளொன்றுக்கு 200 ரூபாவை அரசே கொடுக்கும் என்று அறிவித்தார்கள். மொத்தம் 1,750. எனக்கு மகிழ்ச்சிதான், அந்த 200 ஒரு வீட்டின் பால்மா. அதனால்தான் வருகை என்பதை எப்படி எழுதப்போகிறார்கள் என்பதில் பிடிவாதமாக நிற்க வேண்டும் என்கிறேன். வேலைக்கு இறங்கியவர் வந்தவர்தான், தராசு என்ன காட்டினாலும். மழை என்று தோட்டமே வேலையை நிறுத்திய நாள் அவர் வராத நாளாகக் கூடாது. காலை பத்து மணிக்குக் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவருக்கு அன்றைக்கு முழுப்பேர் எழுத வேண்டும், கட்டிலில் கிடக்கும் அடுத்தடுத்த நாட்களுக்கும் எழுத வேண்டும்.