உங்களுக்குத் தெரியுமா? லினக்ஸின் ஒற்றைப் பயனர் நிலை

நம் ஊர் லினக்ஸான 'பாஸ்', 2007-ல் வெளிவந்தது. டெபியன்தான் அதற்கு அடித்தளம். அதன் பின்னால் இருந்த திறந்தமூல மென்பொருள் தேசிய வள மையத்தைச் சென்னை சி-டாக்கும், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் ஏ.யூ-கே.பி.சி. ஆய்வு மையமும் சேர்ந்து நடத்தின.

2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் சேர்ந்தே வந்தது. ஆன் செய்ததும் 'எது வேண்டும்?' என்று கேட்கும் க்ரப் பட்டியலில்தான் பழுதுபார்க்கும் வாசலும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இதை வகுப்பிலேயே காட்டியிருக்க வேண்டும்.

லினக்ஸ் வரிக்குப் போய் 'ஈ' விசையைத் தட்டுங்கள். 'லினக்ஸ்' எனத் தொடங்கும் நீள வரியின் கடைசியில் ஓர் இடம் விட்டு, ஆங்கில எழுத்தில் 'சிங்கிள்' என்று சேர்த்து, கண்ட்ரோலும் எக்ஸும் அழுத்துங்கள். வழக்கமான திரை வராது, நெட்வொர்க் வராது. கறுப்புத் திரை ரூட் (நிர்வாகி) பாஸ்வேர்டு கேட்கும். கொடுத்தால் ஹாஷ் குறியோடு, கட்டளைக்காக ஷெல் காத்திருக்கும். இதுதான் ஒற்றைப் பயனர் நிலை. சேர்த்த சொல் அந்த ஒரு முறைக்குத்தான். மறுபடி பூட் செய்தால் பழையபடி ஆகிவிடும்.

இது எப்போது தேவைப்படும்? 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. இப்படிப்பட்ட இரவில் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் கோப்புகளின் கணக்கு குழம்பக்கூடும். பெரும்பாலும் அடுத்த பூட்டில் லினக்ஸே சரிசெய்துகொள்ளும். முடியாதபோது 'எஃப்.எஸ்.சி.கே.' கட்டளை வேண்டும். மற்ற புரோகிராம்கள் எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் அதை ஓட்டினால் உள்ளதும் கெடும். மற்றவர்கள் யாரும் நுழையாத இந்த நிலை அதற்காகத்தான்.

இந்த ஏற்பாடு மிகப் பழையது. 1975-ன் ஆறாம் பதிப்பு யூனிக்ஸில், பி.டி.பி.-11 கணினியின் முகப்பு சுவிட்சுகளை 173030 என்ற எட்டடிமான எண்ணுக்கு வைத்து பூட் செய்தால் ஒற்றைப் பயனர் நிலை வரும்.

ரூட் பாஸ்வேர்டே மறந்துவிட்டதா? அதே க்ரப் வரியில், முதல் வேலையாக 'பாஷ்' ஷெல்லையே தொடங்கச் சொல்லலாம். பாஸ்வேர்டு கேட்காது. டிஸ்க் படிக்க மட்டும் திறந்திருக்கும். எழுதவும் திறந்துவிட்டுப் புதிய பாஸ்வேர்டு வைக்கலாம். கணினி முன் உட்காரும் யாருக்கும் இது முடியும் என்பதால், கல்லூரி லேப்களில் க்ரப்புக்கும் பாஸ்வேர்டு போடுவது அவசியம். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் அந்தப் பூட்டும் பயன்படாது. முழு டிஸ்க்கையும் குறியாக்கம் செய்திருந்தால் மட்டுமே பாதுகாப்பு. அதன் கடவுச்சொல் தெரியாமல் ஒற்றைப் பயனர் நிலைகூடத் திறக்காது.