வாடகை சைக்கிள் மாதிரி வாடகை விமானம்! மணிக்கணக்கில் ஓட்டும் அமெரிக்கர்கள்

ஒரு காலத்தில் நம்ம ஊர்த் தெருக்களில் சைக்கிளை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள் அல்லவா? அமெரிக்காவில் ஆகாய விமானத்தையே அப்படி எடுத்து ஓட்டுகிறார்கள்!

பல் டாக்டர், பள்ளிக்கூட வாத்தியார், கடைக்காரர் என்று பலரும் இதில் உண்டு. பறப்பது இவர்களுக்குப் பிழைப்பு அல்ல, பொழுதுபோக்கு.

17 வயது ஆகியிருக்க வேண்டும். வழக்கமாகக் குறைந்தது 40 மணி நேரம் பறந்து பழகி, பரீட்சையில் தேறினால் லைசென்ஸ். காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றக்கூடாது. செலவைக் கூட வருகிறவர்களோடு பங்கு போட்டுக்கொள்ளலாம்.

அதிகம் வாடகைக்குப் போவது செஸ்னா 172. ஒரே என்ஜின், 4 பேர் உட்காரலாம். 1955-ல் முதலில் பறந்த இந்த ரகம், இதுவரை 44 ஆயிரத்துக்கும் மேல் தயாராகியிருக்கிறது. உலகில் வேறு எந்த விமானமும் இத்தனை தயாரானதில்லை!

ஒரு கப் பெட்ரோல்

லைசென்ஸைக் காட்டியதும் சாவி கிடைத்துவிடாது. பயிற்சி ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு சுற்று பார்த்து, "சரி" சொல்ல வேண்டும். கடைசி 90 நாளில் 3 முறை ஏறி இறங்காதவர், கூட யாரையும் ஏற்றிப் போக முடியாது.

சாவி வாங்கியவர் விமானத்தை ஒரு சுற்று சுற்றி வருவார். இறக்கைக்கு அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைச் சின்னக் கப்பில் பிடித்து, வெளிச்சத்தில் பார்ப்பார். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தங்கித் தெரிந்துவிடும். பார்க்காமல் விட்டால் நடுவானில் என்ஜின் நின்றுபோகலாம். வேறு யாரோ ஓட்டிவிட்டுப் போன வண்டியாச்சே!

ஓடும் மீட்டர்

என்ஜினைக் கிளப்பியதும் டாக்சி போல மீட்டர் ஓடத் தொடங்கும். மணிக்கு 100 டாலருக்கு மேல் ஆகும். ஓடுபாதைக்குப் பக்கத்தில் வரிசையில் காத்து நின்றாலும் காசு ஏறிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் இன்னொருவர் பதிவு செய்திருந்தால், அதற்குள் திரும்பியாக வேண்டும்.

ஆபத்து இங்கேதான் ஆரம்பம். வெளியூர் போனவர் திரும்பும் நேரத்தில் மேகம் கவிந்துவிடும். "வாடகை ஏறுது, நாளைக்கு வேலைக்கு வேற போகணும். கொஞ்ச தூரந்தானே, போயிடலாம்" என்று மனசு சொல்லும்.

மேகத்துக்குள் புகுந்தால் மேல் எது, கீழ் எது என்று புரியாது. விமானம் சாய்ந்து சுழன்று இறங்கும்போதும், ஓட்டுகிறவருக்கு நேராகப் போவது போலவே இருக்கும். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்குத் தனிப் பயிற்சியும் தனி அனுமதியும் வேண்டும்.

அந்த அனுமதி இல்லாதவர்தான் ஜனாதிபதி கென்னடியின் மகன். 1999 ஜூலை 16 இரவு, மங்கலான வானில் தன் சொந்த விமானத்தை ஓட்டிச் சென்றார். அட்லாண்டிக் கடலில் விழுந்தது. அவரும், மனைவியும், மனைவியின் அக்காவும் மாண்டார்கள். இருட்டில் நிதானம் தவறியதே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது.

அதனால் அனுபவசாலிகள் வானம் சரியில்லை என்றால் போன இடத்திலேயே தங்கிவிடுகிறார்கள். "இன்னிக்கு வரலை, நாளைக்குத்தான்" என்று விமானம் கொடுத்தவர்களுக்குப் போன் போட்டுவிடுவார்கள். ராத்தங்கலுக்குக் கூடுதல் வாடகை கேட்கும் இடங்களும் உண்டு. அதைச் சம்பாதித்துக் கட்டிவிடலாம்!