விமான மைல்களைக் காத்தல்

பெட்டகத்திற் கிடக்கும் பொன்னையும் குதிரிற் கிடக்கும் நெல்லையும் உடையவன் கண்ணாற் காண்கின்றான். அவை குறைந்தால் உடனே அறிகின்றான். வங்கியிலுள்ள பணத்தைக் கண்ணாற் காணாவிடினும் மாதந்தோறும் கூட்டியுங் கழித்தும் பார்க்கின்றான். விமானக் கொம்பனியின் ஏட்டில் வெறும் எண்ணாக இருக்கும் 'மைல்' என்னுஞ் செல்வத்தின் நிலை வேறு. ஊருக்கு வரவோ உறவினரை அழைக்கவோ எண்ணும்போது மாத்திரமே, ஆண்டுக்கு ஒருமுறையோ ஈராண்டுக்கு ஒருமுறையோ, உடையவன் அதனைத் திறந்து பார்க்கின்றான். அதனைக் கவர நினைப்பவனோ நாள்தோறும் தேடித் திரிகின்றான். ஒருவனது மறதிக்கும் மற்றவனது விழிப்புக்கும் இடையேயுள்ள இத்தூரத்திலேதான் மைல் திருட்டு நிகழ்கின்றது.

இம் மைல்களின் வரலாறு நெடியதன்று. அமெரிக்கன் எயர்லைன்ஸ் கொம்பனி 1981 ஆம் ஆண்டு மே மாதம் 1 ஆம் திகதி 'அட்வான்ரேஜ்' என்னுந் திட்டத்தைத் தொடங்கிற்று. அடிக்கடி பயணஞ் செய்வோர் பிற கொம்பனிகளை நாடாதிருத்தற்பொருட்டு, அவர் பறந்த தூரத்தைக் கணக்கில் எழுதிவைத்துப் போதிய அளவு சேர்ந்தபின் இலவசச் சீட்டு வழங்குவதே அதன் முறை. யுனைற்றட் எயர்லைன்ஸ் அதே மாதத்திற் பின்தொடர்ந்தது. காலப்போக்கிற் கடனட்டை வழங்கும் வங்கிகளும் இதிற் கலந்துகொண்டமையால், கடையிற் சவர்க்காரம் வாங்கினும் மைல் சேரும் நிலை உண்டாயிற்று. தூரத்தை அளந்த சொல் இங்ஙனம் ஒருவகை நாணயத்தின் பெயராயிற்று. இஃது மிகைக் கூற்றன்று. கொரோனாக் கொள்ளைநோயால் 2020 ஆம் ஆண்டில் விமானங்கள் நிலத்திற் கிடந்தபோது, யுனைற்றட் தன் மைல் திட்டத்தையே ஈடாக வைத்து 680 கோடி அமெரிக்க டொலர் கடன் திரட்டிற்று. அத்திட்டத்தின் பெறுமதி அப்பொழுது ஏறத்தாழ 2,200 கோடி டொலர் என மதிக்கப்பட்டது.

ஈழத்தமிழர்க்கு இப்பொருள் அயலானதன்று. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் வாழும் பிள்ளைகள் பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த மைல்களே, பெற்றோர் பேரப்பிள்ளையைக் காணச் செல்லுஞ் சீட்டாகவோ, சாவீட்டுக்கு ஓடிவருவோரின் அவசரச் சீட்டாகவோ பயன்படுவதுண்டு. ஸ்ரீலங்கன் எயர்லைன்ஸின் 'பிளைஸ்மைல்ஸ்' திட்டத்திற் சேர்த்தவற்றை, அக்கொம்பனி 2014 ஆம் ஆண்டு 'வண் வேள்ட்' கூட்டிற் சேர்ந்தபின், அக்கூட்டிலுள்ள பிற கொம்பனிகளின் விமானங்களிலும் செலவிடலாம். பல இடங்களிற் செல்லும் நாணயம் கள்வனுக்கும் பல இடங்களிற் பயன்படும்.

இனி, திருட்டு நிகழும் வகையை ஆராய்வாம். விமானக் கொம்பனியின் கணினியைக் கள்வன் உடைத்து நுழைகின்றான் என்பதே பலரது எண்ணம். பெரும்பான்மை அவ்வாறன்று, அவன் கதவை உடைப்பதில்லை, திறப்புக்கொண்டு திறக்கின்றான். அத்திறப்பு அவனுக்கு வேறோரிடத்திற் கிடைத்தது. 2012 ஆம் ஆண்டில் 'லிங்க்டின்' என்னுந் தொழிலோர் தளத்தின் தரவுகள் களவுபோயின. 2016 ஆம் ஆண்டில் அக்களவைச் சேர்ந்த பதினொரு கோடிக்கு மேற்பட்ட மின்னஞ்சல் முகவரிகளும் கடவுச்சொற்களும் விலைக்கு வந்தன. அங்கே இட்ட கடவுச்சொல்லையே விமானக் கணக்குக்கும் இட்டவர் எத்துணைப் பேர்! கள்வன் அப்பட்டியலைப் பொறியிடங் கொடுத்து, ஒவ்வொரு முகவரியையும் ஒவ்வொரு சொல்லையும் கொம்பனிகளின் வாயிலிற் செலுத்திப் பார்க்கின்றான். ஆயிரத்துக்கு ஒன்று திறந்தாலும் அவனுக்கு ஆதாயமே.

இது நிகழ்ந்தமைக்குச் சான்றுகள் உள. 2014 ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கன், யுனைற்றட் ஆகிய இரு கொம்பனிகளின் உறுப்பினர் கணக்குகளுட் கள்வர் நுழைந்தனர். அமெரிக்கனில் ஏறத்தாழ 10,000 கணக்குகள் அகப்பட்டன. யுனைற்றட்டிற் சில கணக்குகளிலிருந்து சீட்டுகளும் பதிவுசெய்யப்பட்டன. பயன்பட்ட பெயர்களும் கடவுச்சொற்களும் வேறிடத்திற் களவாடப்பட்டவை என இரு கொம்பனிகளும் கூறின. அடுத்த மார்ச்சில் பிரிட்டிஷ் எயர்வேய்ஸின் பல்லாயிரம் கணக்குகள் இவ்வாறே தீண்டப்பட்டமையால், அக்கொம்பனி அவற்றை முடக்கிவைக்க நேர்ந்தது. மூன்றிடத்தும் பூட்டு உடைபடவில்லை என்பது கருதத்தக்கது. நான்கிலக்கக் குறியீட்டையே கடவுச்சொல்லாகக் கொண்ட திட்டங்களோ இன்னும் எளியன. நான்கிலக்கத்தில் அமையக்கூடிய எண்கள் 10,000 மாத்திரமே. அவற்றை முயன்று பார்க்கப் பொறிக்கு நெடுநேரம் வேண்டியதில்லை.

உள்ளே நுழைந்த கள்வன் முதலிற் செய்வது மைல்களை எடுப்பதன்று. கணக்கிலுள்ள மின்னஞ்சல் முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் மாற்றுகின்றான். அதன்பின் கொம்பனி அனுப்பும் அறிவித்தல் உடையவனைச் சேராது. முகவரியை மாற்ற இயலாவிடின், அவனது அஞ்சற்பெட்டிக்குச் சில நிமிடங்களுள் நூற்றுக்கணக்கான வீண் கடிதங்களைப் பொழியச்செய்து, அவற்றினடியிற் கொம்பனியின் ஒரே கடிதத்தைப் புதைத்துவிடுகின்றான். காரணமின்றி அஞ்சற்பெட்டி வீண் கடிதங்களால் நிரம்பினால், அது வெறுந் தொல்லையென ஒட்டுமொத்தமாக அழித்துவிடலாகாது. மைல் கணக்கையும் வங்கிக் கணக்கையும் அப்பொழுதே பார்த்தல்வேண்டும். பின்னர் மைல்கள் பரிசுச் சீட்டாகவும், விடுதி அறையாகவும், நாளையே புறப்படும் விமானத்தில் அந்நியன் ஒருவனின் இருக்கையாகவும் மாறுகின்றன. புறப்படும் நாள் அண்மையிலிருப்பதற்குக் காரணமுண்டு: உடையவன் அறிந்து முறையிடுமுன் பயணம் முடிந்துவிடும். அவ்விருக்கையில் இருப்பவன் கள்வனாகவே இருத்தல் வேண்டுமென்பதுமில்லை. மலிவு விலைக்குச் சீட்டு வாங்கி ஏமாந்தவனாகவும் இருக்கலாம்.

காவலர் பக்கத்துக் குறையையும் மறைத்தலாகாது. கதே பசிபிக் 2018 ஆம் ஆண்டு அக்டோபரில் 94 இலட்சம் பயணிகளின் விவரங்கள் வெளியார் கைப்பட்டமையை அறிவித்தது. அவற்றுள் ஏறத்தாழ 860,000 கடவுச்சீட்டு இலக்கங்களும் அடங்கின. பிரித்தானியத் தரவுக் காவல் ஆணையகம் 2020 ஆம் ஆண்டில் அதற்கு 500,000 பவுண் தண்டம் விதித்தது. 2021 ஆம் ஆண்டிற் பல கொம்பனிகளுக்குக் கணினிச் சேவை செய்யும் 'சீற்றா' நிறுவனம் ஊடுருவப்பட்டபோது, சிங்கப்பூர் எயர்லைன்ஸின் ஏறத்தாழ 580,000 உறுப்பினரின் இலக்கங்களும் வெளிப்பட்டன. சிங்கப்பூர்க் கொம்பனி அச்சேவையின் வாடிக்கையாளரே அன்று. கூட்டாளிக் கொம்பனி ஒன்றுக்குக் கொடுத்த விவரம் அவ்வழியே போயிற்று. 2025 ஆம் ஆண்டு ஜூன் இறுதியிற் குவாண்டாஸின் தொலைபேசிச் சேவை நிலையம் பயன்படுத்திய வெளியார் தளமொன்றிலிருந்து 57 இலட்சம் பேரின் விவரங்கள் போயின, கடவுச்சொற்கள் அகப்படவில்லை.

இவற்றினும் வியப்புடையது 2023 ஆம் ஆண்டில் வெளியான செய்தி. பல கொம்பனிகளின் மைல் கணக்குகளுக்குப் பின்னணியில் நின்று உதவும் 'பொயின்ற்ஸ்' என்னும் நிறுவனத்தின் தளத்தை நல்லெண்ண ஆய்வாளர் மூவர் சோதித்தனர். அங்குள்ள மேலாளர் தளத்தின் நுழைவைக் காக்கும் மறைச்சொல், ஆங்கிலத்தில் 'இரகசியம்' எனப் பொருள்படும் சொல்லாகவே இருக்கக் கண்டனர். ஆய்வாளர் அறிவித்தவுடன் நிறுவனம் விரைந்து திருத்திற்று. மாணாக்கன் ஒருவன் அவ்வாறு கடவுச்சொல் இட்டால் ஆசிரியர் நகைப்பர். பேர்பெற்ற நிறுவனம் இட்டபொழுது என் செய்வது?

மேற்கூறிய கசிவுகளால் மைல்கள் நேரே போய்விடுவதில்லை. ஆயினும் பெயரும் உறுப்பினர் இலக்கமும் அறிந்த கள்வன், "உமது மைல்கள் இன்றிரவுடன் காலாவதியாகின்றன, இவ்விடத்தை அழுத்துக" என்று உண்மை போலத் தோன்றும் மடல் எழுத வல்லவனாகின்றான். மடலில் இலக்கம் சரியாக இருப்பது அதன் வாய்மைக்குச் சான்றன்று. கொம்பனியின் முகவரியைத் தானே தட்டச்சிட்டுச் சென்று பார்ப்பதே தக்கது.

பயணிகள் தாமே விவரங்களைப் பரப்பும் வழியும் ஒன்றுண்டு. விமானத்தில் ஏறும்போது காட்டும் சீட்டிலுள்ள கோட்டுக் குறிக்குள் பயணியின் பெயரும், ஆறெழுத்துப் பதிவுக் குறியீடும், பலவிடத்து உறுப்பினர் இலக்கமும் அடங்கியுள்ளன. கைத்தொலைபேசி கொண்டு எவரும் அதனை வாசிக்கலாம். குடும்பப் பெயரும் பதிவுக் குறியீடும் இருப்பின் பல தளங்களிற் பயண விவரம் முழுவதும் திறக்கும்; கடவுச்சொல் வேண்டப்படுவதில்லை. ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரில் 2016 ஆம் ஆண்டு டிசம்பரில் நடைபெற்ற மாநாட்டில், கார்ஸ்ரென் நோல் என்பார் தம் துணைவருடன், பிறர் பயணத்தால் வரும் மைல்களைத் தம் இலக்கத்துக்குத் திருப்பவும் இதனால் இயலும் என விளக்கினார். அவுஸ்திரேலியாவின் முன்னாட் பிரதமர் ரோனி அபொட் 2020 ஆம் ஆண்டிற் தம் சீட்டின் படத்தை இணையத்தில் இட்டார். அதனைக் கண்ட ஒருவர் அவரது கடவுச்சீட்டு இலக்கத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் கண்டெடுத்து, தீங்கு செய்யாது உரியோர்க்கு அறிவித்தார். கட்டுநாயக்காவிற் சீட்டுடன் படம் பிடித்து முகநூலில் இடும் இளைஞர்க்கு இந்நிகழ்ச்சி ஏற்ற பாடமாகும். பயணம் முடிந்து மைல்கள் கணக்கிற் சேரும்வரை சீட்டை வைத்திருந்து, பின் கிழித்தெறிதல் நன்று.

கடவுச்சொல்லை மறந்தோர்க்குக் கொம்பனிகள் சில வினாக்களை விடுக்கும்: தாயாரின் கன்னிப்பெயர் யாது, பிறந்த ஊர் யாது என்பன போன்றவை. மேனாட்டு வழக்கை நோக்கி எழுந்த இவ்வினாக்கள் தமிழர்க்கு இருவகையிற் பொருந்தா. கன்னிப்பெயர் என்பதொன்று பல குடும்பங்களில் இல்லை. மற்றது, பத்திரிகையிலும் இணையத்திலும் வெளிவரும் மரண அறிவித்தல் ஒன்றே பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், தாய் தந்தையர், உடன்பிறந்தார், மருமக்கள் யாவரையும் முறைப்படி நிரல்செய்து விடுகின்றது. கள்வனுக்கு இதனினும் நல்ல அகராதி வேண்டுமோ? ஆதலின் அவ்வினாக்களுக்கு உண்மை விடை கூறுதல் கடமையன்று. தொடர்பற்ற சொல்லொன்றைக் கூறி அதனைக் குறித்துவைத்தல் போதும். இங்கே பொய் சொல்வதாற் குற்றம் யாதுமில்லை.

காவலை எங்கே தொடங்குவது எனின், மைல் கணக்கிலன்று, மின்னஞ்சலிலேயே தொடங்கல் வேண்டும். எக்கணக்கின் கடவுச்சொல்லையும் புதுப்பிக்கும் மடல் அங்கேதான் வருகின்றது. அஞ்சற்பெட்டி கைப்பட்டால் ஏனையவை தாமே கைப்படும். அதற்கு நீண்ட, வேறெங்கும் வழங்காத கடவுச்சொல் ஒன்றும் இருபடிச் சரிபார்ப்பும் இன்றியமையாதன. மைல் கணக்குக்கு இட்ட சொல்லும் பிறிதோரிடத்தும் வழங்கலாகாது. குறிகளும் இலக்கங்களும் கலந்த குறுஞ்சொல்லினும், தொடர்பற்ற நான்கைந்து சொற்களைச் சேர்த்த நெடுந்தொடர் உறுதியுடையது. பலவற்றை நினைவிற் கொள்ளல் அரிதாயின், கடவுச்சொற்களைக் காக்கும் செயலி உதவும். முதியோர் வீட்டிற் பூட்டிவைத்த கொப்பியில் எழுதினும் இழுக்கில்லை. வெளிநாட்டுக் கள்வன் அலுமாரியைத் திறக்க மாட்டான்.

இரண்டாம் படியாகக் குறுஞ்செய்தியில் வரும் குறியீட்டைக் கொள்வோர் ஒன்றை நினைவிற் கொள்க. பயணத்திற் சிம் அட்டையை மாற்றியோர்க்கு அச்செய்தி வாராது. மைல் கணக்கைத் திறக்கவேண்டிய நேரமோ பெரும்பாலும் பயண நேரமே. குறியீட்டைக் கைத்தொலைபேசியிலேயே ஆக்கித்தரும் செயலியை ஏற்கும் கொம்பனியாயின் அதனைத் தெரிதல் மேல். இன்னொரு வழக்கமுங் கைவிடத்தக்கது. சீட்டுப் பதிவு செய்யும் முகவரிடமும் மருமகனிடமும் ஒன்றுவிட்ட சகோதரனிடமும் ஒரே கடவுச்சொல்லைக் கொடுத்து வைப்போர் உளர். அவர் நல்லவராயினும், அவரது கணினி நல்ல நிலையில் உள்ளதென்பது யாருக்குத் தெரியும்?

சட்டத்தின் காவல் இப்பொருட்கு மெலிந்தது. அமெரிக்கச் சட்டப்படி கடனட்டை களவாடப்பட்டால் உடையவர் ஏற்கவேண்டிய இழப்பு 50 டொலரைக் கடவாது. மைல்களுக்கு அத்தகைய வரம்பில்லை. அவை உறுப்பினரின் உடைமையே அல்ல எனப் பல திட்டங்களின் விதிகள் கூறுகின்றன. அப்பொழுதிருந்த நோர்த்வெஸ்ற் கொம்பனி உறுப்பினர் ஒருவரை நீக்கியதுபற்றி எழுந்த வழக்கில், 2014 ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க உயர்நீதிமன்றம் கொம்பனியின் பக்கமே தீர்த்தது. இழந்த மைல்களைக் கொம்பனிகள் மீட்டுக் கொடுப்பதுண்டு; எனினும் பெரிதும் அவற்றின் நல்லெண்ணத்தாலும் விரைந்து முறையிட்டோரின் விழிப்பாலுமே அது நிகழ்கின்றது.

ஆகவே இழப்பைக் கண்டவர் முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றுக. அதில் அறியாத கடிதத் திருப்பு விதி ஏதும் இடப்பட்டுளதோ எனப் பார்க்க. அடுத்துக் கொம்பனியின் சொந்தத் தளத்திலுள்ள இலக்கத்துக்குப் பேசிக் கணக்கை முடக்கும்படி கேட்க. தேடுபொறியில் முதலில் தோன்றும் இலக்கத்தை நம்பலாகாது, அதனையும் கள்வர் இடுவதுண்டு. களவாடிய மைல்களிற் பதிவான சீட்டு இன்னும் பறக்காதாயின், அதனை நிறுத்தும்படி அப்பேச்சிலேயே வேண்டுக. மீதித் தொகையும் மாற்றப்பட்ட விவரங்களும் தெரியும் பக்கங்களைப் படமெடுத்து, முறைப்பாட்டை எழுத்திலும் அனுப்புக. இலங்கையில் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், உரிமையின்றிப் பிறர் கணக்கில் நுழைதலைக் குற்றமாக்கியுள்ளது. பொலிஸில் முறையிட்டுப் பெறும் பதிவிலக்கத்தைக் கொம்பனிக்கு எழுதுங் கடிதத்திற் குறிப்பிட்டால், அக்கடிதத்தைப் படிக்கும் அலுவலர் அதனைப் புறந்தள்ளுதல் எளிதன்று.