எந்த சிஸ்டர்?

ராஜாஜி 1878-ல் பிறந்த ஊர் எங்கள் தொரப்பள்ளி. ஓசூரை ஒட்டிய ஊர் என்பதால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் கேட்கும். மூன்றிலுமே அக்கா வேறு, தங்கை வேறு. கன்னடத்தில் 'தங்கி', தெலுங்கில் 'செல்லி'. ஆனால் இப்போது அத்தனை பேரையும் 'சிஸ்டர்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். பேச்சுக்கு அது வசதிதான். வைத்தியரிடம் பேசும்போது? ஒரு சம்பவம் சொல்கிறேன், கேளுங்கள்.

கம்பெனி வேலைக்குப் போகும் ஒரு பெண், வயது நாற்பதுக்குள். முதுகுவலி என்று வந்தார். "சிஸ்டருக்கு மார்புல ஆபரேஷன் ஆச்சுங்க ஐயா. கூட இருந்து பார்த்துக்கிட்டேன், அதிலேர்ந்து வலி" என்றார். கம்பெனியில் முதலுதவி பார்க்கும் நர்ஸம்மாவைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, தைலம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் எழுந்தபோதுதான், "எந்த ஆஸ்பத்திரி சிஸ்டரம்மா?" என்று கேட்டேன்.

"ஐயோ, எங்க அக்காங்க ஐயா!"

திரும்ப உட்காரச் சொல்லி விசாரித்தேன். தன் மார்பிலும் வலியில்லாத சின்னக் கட்டி ஒன்று மூன்று மாதமாக இருப்பதைக் கூச்சத்தோடு சொன்னார். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். புற்றுநோய்தான். ஆரம்ப நிலை என்பதால் சிகிச்சை முடிந்து இன்று நலமாக வேலைக்குப் போகிறார்.

நான் ஏமாந்தது ஏன்? அந்தக் காலத்தில் கிறிஸ்துவக் கன்னியாஸ்திரீகள் நோயாளிகளைப் பராமரித்தார்கள். அந்த வழக்கில், இங்கிலாந்தில் வார்டுக்குத் தலைமை வகிக்கும் நர்ஸுக்கு 'சிஸ்டர்' என்று பெயர். நம் ஊரில் எல்லா நர்ஸுமே சிஸ்டர். ஆண் நர்ஸ் 'பிரதர்'! போதாக்குறைக்கு பெரியப்பா மகள், சித்தி மகளும் நமக்கு சிஸ்டர்தான்.

ஆனால் உடம்பின் கணக்கு வேறு. கூடப் பிறந்தவர்களுக்குள் மரபணுக்களில் சுமார் பாதி பொதுவானவை. பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளோடு எட்டில் ஒரு பங்குதான். கூடப் பிறந்த அக்கா தங்கைக்கு மார்பகப் புற்று வந்திருந்தால், ஒரு பெண்ணுக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. கட்டாயம் வரும் என்று அர்த்தமில்லை, பயப்படாதீர்கள். குடும்பத்தில் யாருக்குமே இல்லாதவர்களுக்கும் வரலாம். ஆகவே, கட்டி தென்பட்டால் எங்கள் சூரணம், லேகியத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம். முதலில் பரிசோதனை.

சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் 'மொழி'யும் ஒன்று. நோயாளியின் குரலைக் கவனிப்பது அது. அன்று முதல் நான் வார்த்தையையும் சேர்த்துக் கவனிக்கிறேன்.

நீங்களும் டாக்டரிடம் போகும்போது மூன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: என்ன நோய், எந்த வயதில் வந்தது, யாருக்கு வந்தது. அக்காவா, தங்கச்சியா, கூடப் பிறந்தவரா, பெரியம்மா மகளா? வெளியே யாரை வேண்டுமானாலும் சிஸ்டர் என்று கூப்பிடுங்கள். வைத்தியர் முன்னால் மட்டும் அக்காவை அக்கா என்றே சொல்லுங்கள்.