நம் கணக்குக்கு ஒரு வாடகை வீடு



குழுக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது ஒண்ணும் புதுசு இல்லீங்க. 2015 மார்ச்சில் நபார்டு வங்கி 'இ-சக்தி' திட்டத்தை ஜார்க்கண்டின் ராம்கர், மகாராஷ்டிராவின் துலே மாவட்டங்களில் தொடங்கி, குழுக்களின் சேமிப்பு, கடன் விவரங்களைக் கணினிக்குக் கொண்டுவந்தது. இன்று ஒரு கூட்டமைப்பு தனக்கென்று சின்ன மென்பொருள் செய்துகொள்ள நினைத்தால், செய்து தருபவர் கேட்பார்: "ஹோஸ்டிங் எங்கே எடுக்கலாம்?" இதற்குப் பதில் நாம்தான் சொல்ல வேண்டும். ஏன்னா, கட்டப்போவது நம் சந்தாப் பணம்.

ஹோஸ்டிங் என்றால் என்ன?

எந்த ஊரிலிருந்தும் செல்போனில் கணக்கைப் பார்க்க வேண்டுமானால், அது இரவு பகல் அணையாமல் இன்டர்நெட்டோடு ஓடும் ஒரு கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும். அதுதான் சர்வர். அதில் வாடகைக்கு இடம் பிடிப்பதே ஹோஸ்டிங்.

எவ்வளவு இடம் வேணும்?

40 குழு, குழுவுக்கு 15 பேர் என்றால் 600 பேர். மாதம் சேமிப்புக்கு ஒரு வரி, கடன் தவணைக்கு ஒரு வரி. வருஷத்துக்கு 14,400 வரி. வரிக்கு ஒரு கிலோபைட் என்று தாராளமாகப் போட்டாலும் சுமார் 14 எம்.பி.தான். செல்போனில் எடுக்கும் நாலைந்து போட்டோ அளவு! ஆகவே "பெரிய பிளான் எடுங்க" என்று யாராவது சொன்னால், எதற்கு என்று கேளுங்கள்.

என்னென்ன வகை?

ஷேர்டு: நம் கோவை, திருப்பூர் லைன் வீடு மாதிரி. வாடகை குறைவு. ஆனால் குழாய் பொது. பக்கத்து வீட்டில் விசேஷம் என்றால் நமக்குத் தண்ணி மெதுவாகத்தான் வரும். பி.எச்.பி.யில் எழுதிய மென்பொருள் இங்கே பெரும்பாலும் ஓடும். பைத்தான், நோட் என்றால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வி.பி.எஸ்.: தனி போர்ஷன். வாடகை கூடுதல். பூட்டும் பராமரிப்பும் நம் பொறுப்பு. விவரம் தெரிந்த ஆள் இல்லாமல் எடுக்கக் கூடாது.

கிளவுட்: பெரும்பாலும் கரண்டு மீட்டர் மாதிரி, ஓடின அளவுக்குப் பில். இவ்வளவு ரூபாயைத் தாண்டினால் தகவல் வர வேண்டும் என்று முதலிலேயே ஏற்பாடு செய்யாவிட்டால் பில் எகிறிவிடும்.

இலவசம்: பழகிப் பார்க்க நல்லது. கணக்கு வைக்க வேண்டாம். ஜியோசிட்டீஸ் என்ற இலவச இடம் அமெரிக்காவில் 2009-ல் மூடப்பட்டது. ஹெரோக்கு நிறுவனம் 2022 நவம்பரில் இலவசத் திட்டத்தை நிறுத்தியது. ஓசி வீட்டைக் காலி பண்ணச் சொன்னால் நாம் யாரிடம் போய்க் கேட்பது?

பணம் கட்டும் முன் கேளுங்கள்

1. முதல் வருஷம் தள்ளுபடி சரி, இரண்டாம் வருஷம் எவ்வளவு? 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து மூன்று வருஷத்துக்குக் கூட்டிப் பாருங்கள்.

2. முகவரியில் தெரியும் பூட்டு (எஸ்.எஸ்.எல்.) தனிக் காசா? 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்ற லாப நோக்கமற்ற அமைப்பு இதை 2015 முதல் இலவசமாகவே தருகிறது.

3. தினமும் நகல் (பேக்கப்) எடுப்பார்களா? எடுத்தாலும், மாதம் ஒரு நகல் நம் அலுவலகத்திலும் இருக்கட்டும். அது திறக்கிறதா என்று பார்த்துவிட்டு வையுங்கள்.

4. இடம் மாற நினைத்தால் நம் கணக்கை முழுசாக எடுத்துப் போக முடியுமா?

5. ஹோஸ்டிங்கும் டொமைன் என்ற இணைய முகவரியும் யார் பெயரில்?

இதில் ஐந்தாவதுதான் ரொம்ப முக்கியம். செய்து கொடுத்தவர் பெயரில் எல்லாம் இருந்தால், அவர் வெளியூர் போன அன்று நம் கணக்கும் கூடவே போய்விடும். வங்கிக் கணக்கைத் தனி ஆள் கையில் விடாமல் கூட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறோமே, அதே மாதிரி எல்லாம் கூட்டமைப்பின் பெயரிலேயே இருக்கட்டும். பாஸ்வேர்டு இரண்டு நிர்வாகிகளிடமாவது இருக்க வேண்டும். நிர்வாகி மாறினால் பாஸ்வேர்டும் மாற வேண்டும். உறுப்பினர்களின் ஆதார் எண்ணைத் தேவையில்லாமல் ஏற்ற வேண்டாம்.

குறைஞ்ச வாடகை நல்லதுதான். ஆனால் சாவி நம்மிடம் இருக்கிற வீடுதான் நம் கணக்குக்குப் பாதுகாப்பு. அடுத்த கூட்டத்தில் இந்த ஐந்து கேள்விகளையும் பேசி, தீர்மான நோட்டில் எழுதிவிட்டுப் பணம் கட்டுங்கள், சகோதரிகளே!